சியம்பலாண்டுவயில் அளவுகோல், அறுகம்பேயில் வெள்ளம்: ஹெட ஓயாவின் நீர்மட்டம் குறித்த ஓர் ஆய்வு

1. கேள்வி

மாரி காலத்தில் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் நீரியல் பிரிவு வெளியிடும் ஆற்று நீர்மட்ட அட்டவணையில் ஹெட ஓயாவுக்கு ஒரு வரி உண்டு. ஆற்றின் பெயர், அளவீட்டு நிலையத்தின் பெயர், எச்சரிக்கை மட்டம், சிறு வெள்ள மட்டம், பெரு வெள்ள மட்டம், அன்றைய அளவு என்று அந்த வரி முடிந்துவிடுகிறது. நிலையம் இருப்பது மொனராகலை மாவட்டத்துச் சியம்பலாண்டுவயில். ஆறு கடலைச் சேர்வதோ அங்கிருந்து வீதிவழியே சுமார் 35 கிலோமீற்றர் கிழக்கேயுள்ள பொத்துவிலுக்குத் தெற்கே, அறுகம்பேயை அடுத்த கரையில். அதே அட்டவணையில் களனி கங்கைக்கு நாகலகம் வீதி, ஹங்வெல்ல, கிளென்கோஸ், கித்துல்கல எனப் பல வரிகள். கொழும்பின் வெள்ளத்தை நாகலகம் வீதியின் அளவைக் கொண்டு பேசும் வழக்கம் தலைமுறைகள் பழையது. பொத்துவிலில் வெள்ளத்தை எந்த அளவைக் கொண்டு பேசுவது?

இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி இதுதான்: ஆற்றின் நீர்மட்டம் என்று நாம் பதிவு செய்யும் எண், அறுகம்பே, பொத்துவில் போன்ற கரையோரச் சிற்றூர்களின் வெள்ள ஆபத்தை எந்த அளவுக்குச் சொல்கிறது? விடையைத் தேட, அதே அம்பாறைக் கரையில் வடக்கேயுள்ள கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர்ப் பகுதியையும் உடன்வைத்துப் பார்க்கிறேன். ஒரே பருவமழை, ஒரே வகைக் கரை. ஆனால் அங்கே பாயும் ஆறு பெரும் அணையால் மறிக்கப்பட்டது, இங்கே பாயும் ஆறு அவ்வாறு மறிக்கப்படாதது. இந்த ஒப்பீடு நம்மிடையே நிலவும் சில உறுதியான நம்பிக்கைகளைச் சோதிக்க உதவுகிறது.

2. இரண்டு ஆறுகள்

இலங்கையின் 103 ஆற்று வடிநிலங்களுள் ஹெட ஓயா சிறிய வகையைச் சேர்ந்தது. நீளம் ஏறத்தாழ 62 கிலோமீற்றர், நீரேந்துப் பரப்பு சுமார் 600 சதுர கிலோமீற்றர். மொனராகலைப் பக்கத்து மேட்டு நிலத்திலிருந்து இறங்கி, யானைகளுக்குப் பெயர்பெற்ற லாகுகல வழியாகச் சமவெளியை அடைகிறது. லாகுகல, கிதுலான, செங்கமுவ ஆகிய குளங்களின் நீரும் கடைசியில் இந்த ஆற்றிலேயே சேர்கிறது. அக்குளங்கள் சியம்பலாண்டுவக்குக் கீழே இருப்பவை. ஆகவே அவற்றின் நீரும், அவற்றைச் சுற்றிப் பெய்யும் மழையும் அட்டவணையின் அந்த ஒற்றை வரிக்குள் வருவதில்லை. ஒக்டோபர் தொடங்கிப் பெப்ரவரி வரையில்தான் இங்கே மழை. ஆண்டின் மற்றப் பெரும்பகுதியில் ஆறு மெலிந்து, வாயில் மணல் மூடிக் கிடக்கும்.

வடக்கே கல் ஓயா. தமிழில் பட்டிப்பளை ஆறு. நீளம் 108 கிலோமீற்றர், நீரேந்துப் பரப்பு சுமார் 1,800 சதுர கிலோமீற்றர். 1949-ல் அமைக்கப்பட்ட கல் ஓயா அபிவிருத்திச் சபையின் கீழ் இங்கினியாகலையில் எழுந்த அணை, சேனாநாயக்க சமுத்திரம் என்ற நாட்டின் மிகப் பெரிய நீர்த்தேக்கத்தை உருவாக்கியது. அதன் கொள்ளளவு சுமார் 95 கோடி கன மீற்றர். அணையின் நோக்கங்களுள் பாசனமும் மின்சாரமும் மட்டுமன்றி வெள்ளத் தடுப்பும் இருந்தது. குடியேற்ற அரசியல் அத்திட்டத்தோடு பிறந்து இன்றுவரை ஆறாத காயமாக இருப்பது வேறொரு நீண்ட கட்டுரைக்குரியது. இங்கே நீரை மட்டும் பின்தொடர்கிறேன்.

3. வழக்கிலுள்ள விளக்கங்கள்

வெள்ளம் வந்தபின் கேட்கும் முதல் விளக்கம், மழை அளவுக்கு மிஞ்சிப் பெய்தது என்பது. இது உண்மைதான். 1957 டிசம்பர் வெள்ளமும், 1978 நவம்பர்ச் சூறாவளியும், 2011 ஜனவரியிலும் பெப்ரவரித் தொடக்கத்திலும் இரண்டு அலைகளாக வந்து கிழக்கை மையமாகக் கொண்டு பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பாதித்த வெள்ளமும் அசாதாரண மழையின் விளைவுகளே. ஆயினும் இந்த விளக்கம் நம்மை அதிக தூரம் அழைத்துச் செல்லாது. கிட்டங்கித் தாம்போதி மூழ்குவதற்கு 2011-ஐப் போன்ற ஒரு மாரி தேவையில்லை. சாதாரண மாரியிலேயே கல்முனைக்கும் நாவிதன்வெளிக்கும் இடையிலான அந்தப் பாதை நீருக்குள் போய்விடுகிறது. அரிதான மழையைக் கொண்டு வழமையான வெள்ளத்தை விளக்க முடியாது.

இரண்டாவது விளக்கம் கல்முனைப் பகுதியில் வலுவாக வேரூன்றியது: “சமுத்திரத்தைத் திறந்துவிட்டார்கள், அதனால்தான் வெள்ளம்.” இதைப் பாமரர் பேச்சென்று தள்ளுவது தவறு. வான்கதவுகள் திறக்கப்பட்ட செய்தி வந்து சில மணி நேரத்தில் வயல்களில் நீர் ஏறுவதைக் கண்ணால் கண்டவர்களின் அனுபவம் அது. ஆனால் அணையின் இயக்கத்தைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். நீர்த்தேக்கத்தில் வெற்றிடம் இருக்கும்வரை அது வெள்ளத்தை விழுங்குகிறது. நிரம்பிய பிறகு, வருகின்ற நீரை ஏறக்குறைய வந்தபடியே கீழே அனுப்புகிறது. எனவே கதவைத் திறந்தது குற்றமா என்பது சரியான கேள்வி அல்ல. பெருமழைக்கு முன் எவ்வளவு வெற்றிடம் வைத்திருந்தார்கள், ஏன் என்பதே கேட்க வேண்டியது. இங்கேதான் உண்மையான முரண் இருக்கிறது. சிறுபோகத்துக்கு நீர் வேண்டுமென்றால் மாரியில் குளத்தை நிரப்பி வைக்க வேண்டும். வெள்ளத்தைத் தடுக்க வேண்டுமென்றால் அதே மாரியில் குளத்தில் இடம் விட்டு வைக்க வேண்டும். மேலே இருக்கும் விவசாயியின் அச்சமும் கீழே இருக்கும் கரையூராரின் அச்சமும் ஒரே நீரைப் பற்றியவை. இந்த முடிவு எந்த மட்டத்தில், எந்த நாளில் எடுக்கப்படுகிறது என்பது கரையூர்களுக்கு முன்கூட்டித் தெரிய வேண்டும் என்று கேட்பது முற்றிலும் நியாயம்.

இருந்தாலும் இந்த விளக்கத்துக்கு ஒரு வரம்பு உண்டு. அதைக் காட்டுவது பொத்துவில். ஹெட ஓயாவின் குறுக்கே சேனாநாயக்க சமுத்திரம் போன்ற ஒன்று இல்லை. திறந்துவிடுவதற்கு அங்கே வான்கதவும் இல்லை. பொத்துவில் விவசாயிகள் ஹெட ஓயாவில் ஒரு நீர்த்தேக்கம் கேட்டு நீண்ட காலமாகக் குரல் கொடுத்து வருகிறார்கள். அணை இருக்குமிடத்தில் வெள்ளத்துக்கு அணை காரணமாகச் சொல்லப்படுகிறது. அணை இல்லாத இடத்தில் அணை இல்லாததே காரணமாகச் சொல்லப்படுகிறது. இரண்டு இடத்திலும் தாழ்நிலம் மூழ்குகிறது. அப்படியானால் இரண்டுக்கும் பொதுவான ஒன்றைத் தேட வேண்டும். அந்தப் பொதுவான ஒன்று ஆற்றின் மேற்பகுதியில் இல்லை. கடலோரத்தில், நீர் வெளியேறும் இடத்தில் இருக்கிறது.

4. முகத்துவாரம்

கிழக்குக் கரையில் ஏற்றவற்ற வீச்சு ஒரு மீற்றருக்கும் குறைவு. இந்த வலுவற்ற ஏற்றவற்றத்தால் ஆற்றுவாய்களையும் களப்பு வாய்களையும் ஆண்டு முழுவதும் திறந்து வைத்திருக்க முடியாது. கோடையில் ஆறு மெலிந்ததும் அலைகள் கொண்டுவரும் மணல் வாயை அடைத்து ஒரு திடலாக எழுகிறது. மாரியில் உள்ளே நீர் ஏறி, அந்தத் திடலைத் தாண்டும்போது வாய் தானாக உடைபடும், அல்லது மனிதர் வெட்டிவிடுவர். மட்டக்களப்பு முதல் பாணமை வரையில் “முகத்துவாரம் வெட்டுதல்” என்ற சொற்றொடர் அறியாத கரையூரார் இல்லை. கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவுப் பக்கத்தில் ஊருக்குள்ளிருந்து கடலுக்குப் போகும் குறுகிய நீர்வழியைத் “தோணா” என்பார்கள். அங்கே தோணா வாய் வெட்டியாயிற்றா என்பதே மாரியின் முதல் கேள்வி.

எண்களால் ஒருமுறை யோசித்துப் பார்ப்போம். ஹெட ஓயாவின் 600 சதுர கிலோமீற்றரிலும் ஒரு நாளில் சராசரியாக 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழும் நீர் 6 கோடி கன மீற்றர். ஏற்கெனவே ஊறிய மண்ணில் பாதி ஓடி வருகிறது என்று வைத்துக்கொண்டால் 3 கோடி. அதை ஒரு நாளுக்குப் பகிர்ந்தால் நொடிக்கு ஏறக்குறைய 350 கன மீற்றர். வாய் அடைபட்டிருந்து, அந்த 3 கோடியும் பத்துச் சதுர கிலோமீற்றர் தாழ்நிலத்தில் தேங்குமானால் மூன்று மீற்றர் ஆழம் நிற்கும். இயற்கையில் நீர் இப்படி ஒழுங்காகத் தேங்காது. அது பரவும், திடலை உடைக்கும், வேறு வழி தேடும். இந்தக் கணக்கு ஒரு விகிதத்தை உணர்த்துவதற்கு மட்டுமே. ஆனால் ஒன்று தெளிவு. அதே மழை, அதே ஆறு, சியம்பலாண்டுவயில் அதே அளவு. வாய் திறந்திருந்தால் ஒரு விளைவு, மூடியிருந்தால் முற்றிலும் வேறொரு விளைவு.

அட்டவணையின் எண்ணைக் குறித்து இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த மீற்றர்க் கணக்கு அந்நிலையத்து அளவுகோலின் சுழியிலிருந்து எண்ணப்படுவது. கடல் மட்டத்திலிருந்தும் அல்ல, பொத்துவிலின் ஒரு வீட்டு முற்றத்திலிருந்தும் அல்ல. மேலே ஆறு நாலு மீற்றர் என்ற செய்தியைக் கேட்டு, தன் வாசலுக்கு நீர் எவ்வளவு வரும் என்று கீழே இருப்பவரால் சொல்ல முடியாது. மேல்நிலை அளவு சில மணி நேர முன்னறிவிப்பைத் தருகிறது. அது சிறிய உதவி அல்ல, உயிரைக் காக்கும் உதவி. ஆனால் அது தரும் செய்தி “நீர் வருகிறது” என்பது வரைதான். “நீர் போகுமா” என்ற மறுபாதிக்கு அதில் இடமில்லை.

வெட்டுவதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. இதைப் பற்றி நமது எழுத்தில் போதிய கவனம் இல்லை. உள்ளே நீர்மட்டம் போதிய அளவு ஏறாத நேரத்தில் வெட்டினால், வெளியேறும் நீருக்கு மணலை அரித்துக்கொண்டு போகும் வேகம் கிடைக்காது. வெட்டிய வாய் ஓரிரு நாளில் மறுபடி மூடிக்கொள்ளும். மிகத் தாமதமாக வெட்டினால் வயலும் வீடும் அதற்குள் மூழ்கியிருக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு சரியான மட்டம் உண்டு. அந்த மட்டத்தில் வெட்டப்படும் சிறு வாய்க்காலை நீரே அகழ்ந்து அகலமாக்கிக்கொள்ளும்.

யாருக்காக வெட்டுவது என்பதிலும் பூசல் உண்டு. வயல்காரர் கதிர் அழுகுமுன் வெட்டச் சொல்வார். களப்பில் இறால் பிடிப்பவர் உள்ளே நீர் சற்று நிற்பதை விரும்புவார். உப்புநீர் உள்ளே ஏறிக் கிணறு கெடும் என்று அஞ்சுபவரும் இருக்கிறார். நீர்ப்பாசனத் திணைக்களம், கரையோரப் பாதுகாப்புத் திணைக்களம், பிரதேச செயலகம், பிரதேச சபை, கமக்காரர் அமைப்பு, மீனவர் சங்கம் என்று பொறுப்பு பல கைகளில் சிதறிக் கிடக்கும்போது, முடிவு பெரும்பாலும் நீர் வீட்டுக்குள் வந்தபின் கிடைக்கும் ஒரு பெக்கோ இயந்திரத்தின் வருகையைப் பொறுத்ததாகிவிடுகிறது. முன்பு வயல்நீரை மேற்பார்வையிட்ட வட்டைவிதானைமாரும் கரையோர மூத்தவர்களும் கண்ணால் மதிப்பிட்டு எடுத்த முடிவு இது. அவர்களுடைய அறிவைப் புகழ்ந்துவிட்டுக் கடந்து போவது எளிது. அந்த அறிவு எந்த அடையாளத்தை வைத்து, எந்த மட்டத்தில் முடிவெடுத்தது என்று எழுதி வைப்பதே இன்றைய தேவை.

கரையின் மணல் ஓட்டமும் மாறாமல் நிற்கும் ஒன்றல்ல. ஒலுவில் துறைமுகம் கட்டப்பட்ட பிறகு அதன் வடக்கே ஒலுவில், நிந்தவூர்க் கரை அரிக்கப்பட்டதையும் துறைமுக வாயிலேயே மணல் சேர்ந்ததையும் எல்லோரும் கண்டோம். கரையில் ஓரிடத்தில் வைக்கும் கல் இன்னோரிடத்தின் முகத்துவாரத்தைப் பாதிக்கும். பழைய அனுபவம் மட்டும் இனிப் போதாது என்பதற்கு இதுவே காரணம்.

5. கோடையில் பார்த்த நிலம்

அறுகம்பேக்கென்று தனியான ஒரு சிக்கல் உண்டு. அலைச்சறுக்கு வீரர்கள் உலகெங்கிலுமிருந்து இங்கே வருவது ஏறக்குறைய ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை. வெள்ளம் வருவது நவம்பர் முதல் பெப்ரவரி வரை. அறுகம்பேயின் உல்லையில் காணி பார்ப்பவர், விடுதி கட்டுபவர், முதலீடு செய்பவர் பலரும் இந்த நிலத்தைக் கோடையில் பார்க்கிறார்கள். அப்போது களப்பு வற்றியிருக்கும், ஆற்றுவாய் நடந்து கடக்கும் மணலாக இருக்கும். தாழ்ந்த ஈரநிலம் விற்பனைக்குரிய வெறுங்காணியாகத் தோன்றும். அதே காணி மார்கழியில் நீர் தங்குமிடம் என்பது, மாரியிலும் அங்கேயே இருப்பவருக்கு மட்டுமே தெரிந்த செய்தி.

இதை வளர்த்துவிட்டதில் 2004-க்குப் பிந்திய கொள்கைக்கும் பங்குண்டு. சுனாமியில் இலங்கையில் அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம், 10,000-க்கும் மேல். அறுகம்பேயையும் பொத்துவிலையும் இணைத்த பாலமும் சிதைந்தது. அமெரிக்க உதவியுடன் கட்டப்பட்ட புதிய பாலம் 2008-ல் திறக்கப்பட்டது. அழிவுக்குப்பின் அரசு அறிவித்த தடை வலயம் கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றர். பின்னர் அது தளர்த்தப்பட்டது. ஆபத்தை அளந்த கோல் முழுவதும் கடலிலிருந்து எத்தனை தூரம் என்பதாகவே இருந்தது. களப்பிலிருந்து எத்தனை உயரம் என்று ஒருவரும் கேட்கவில்லை. கல்முனை, சாய்ந்தமருதுப் பக்கத்தில் கடலுக்கும் வயலுக்கும் இடையே ஒடுங்கிய ஒரு மணற்கீற்றில் மக்கள் நெருங்கி வாழ்கிறார்கள். கடற்கரையை விட்டு விலகச் சொன்னபோது போக இருந்த இடம் மேற்கே வயல் மட்டுமே. அங்கே மண் கொட்டி நிரப்பி வீடுகள் எழுந்தன. கடலுக்கு அஞ்சி நகர்ந்தவர்கள் ஆற்றின் வழியில் குடியேற்றப்பட்டார்கள். அந்த மக்களிடம் இதற்காகக் குறை காண எவருக்கும் உரிமை இல்லை. அவர்களுக்குத் தரப்பட்ட தெரிவு அது ஒன்றுதான்.

நிரப்பிய ஒவ்வொரு காணியும், மதகு போதாமல் உயர்த்திய ஒவ்வொரு வீதியும் நீருக்குக் குறுக்கே ஒரு சிறு அணை. இங்கினியாகலை அணையைப் பற்றி நாம் பேசுவதில் பத்தில் ஒரு பங்கும் இந்தச் சிறு அணைகளைப் பற்றிப் பேசுவதில்லை.

6. மாவடிப்பள்ளி

2024 நவம்பர் 26. வங்காள விரிகுடாவின் தாழமுக்கத்தால் அம்பாறைக் கரை முழுவதும் மழை. நிந்தவூரில் மத்ரஸா ஒன்றில் ஓதிக்கொண்டிருந்த சிறுவர்கள் சம்மாந்துறையிலுள்ள தம் வீடுகளுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். காரைதீவை அடுத்த மாவடிப்பள்ளித் தாம்போதியில் வீதிக்கு மேலாக வெள்ளம் பாய்ந்தது. அதைக் கடக்க அவர்கள் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறினார்கள். நீரோட்டம் அதைப் புரட்டியது. சிறுவர்களும், அவர்களை ஏற்றிச் சென்றவர்களும் உயிரிழந்தார்கள். உடல்களைத் தேடி ஊர் பல நாள் நீருக்குள் நின்றது.

அதன்பின் எழுந்த விவாதம் பெரும்பாலும் தனிமனிதப் பொறுப்பைச் சுற்றியே நடந்தது. பொறுப்பை விசாரிப்பது சட்டத்தின் வேலை, அது நடக்கத்தான் வேண்டும். ஆனால் இக்கட்டுரையின் கேள்வியோடு சேர்த்துப் பார்த்தால் அந்தத் தாம்போதியில் இல்லாமற்போனது ஓர் எண். வீதிக்கு மேல் ஓடும் நீர் அரை மீற்றரைச் சற்றுத் தாண்டினாலே பெரும்பாலான வாகனங்களை நகர்த்திவிடும். நீரின் தள்ளுவிசை வேகத்தின் இருமடியாக ஏறுவது. வேகம் இரட்டித்தால் விசை நாலு மடங்கு. கலங்கிய நீரின் ஆழத்தை ஓட்டுநர் கண்ணால் அறிய முடியாது. சிவப்பு வர்ணம் தீட்டிய ஓர் அளவுத் தூணும், அந்த வர்ணத்தை நீர் தொட்டதும் இறங்கும் ஒரு தடுப்பும் மிகச் சிறிய செலவு. எங்கோ மேலே ஆற்றில் அளக்கப்படும் மட்டம் அந்தச் சிறுவர்களுக்கு எட்டாத செய்தி. அவர்கள் காலடியில் இருந்த நீரின் மட்டமே அவர்களுக்குத் தேவைப்பட்டது.

7. முடிவும் வேண்டுகோளும்

இலங்கையில் வெள்ளப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1924-ல் வந்தது. அனர்த்த முகாமைத்துவச் சட்டம் 2005-ல், சுனாமியின் காயம் ஆறுமுன் வந்தது. நாட்டில் 600-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட 2025 நவம்பர் டிட்வா புயலுக்குப் பின் மலைநாட்டு மண்சரிவின் மீதும் களனியின் மீதும் கவனம் குவிந்தது. அது இயல்பு. உயிரிழப்பு மலைநாட்டில்தான் அதிகம். ஆனால் சிற்றாறுகளின் கடைமுனையில் வாழும் ஊர்கள் இந்தக் கவனத்தின் ஓரத்திலேயே நிற்கின்றன.

சேர்த்துப் பார்த்தால் என் மதிப்பீடு இது. சியம்பலாண்டுவ அளவை நீக்க வேண்டியதில்லை. அதன் மேல் ஏற்றப்படும் பாரம்தான் அதிகம். ஹெட ஓயாவில் நீர்த்தேக்கம் வருவதா இல்லையா என்பதைப் பாசனத் தேவையை வைத்து முடிவு செய்யலாம். வெள்ளத்திலிருந்து அறுகம்பேயை அது மீட்டுவிடும் என்று வாக்களிக்க முடியாது. முகத்துவாரம் அடைபட்டிருக்கும் வரை, ஈரநிலம் நிரப்பப்படும் வரை, அணை இருந்தும் கல்முனைப் பகுதி மூழ்குவது போலப் பொத்துவிலும் மூழ்கும்.

பொத்துவில் பிரதேச சபைக்கும் பிரதேச செயலகத்துக்கும் ஒரு வேண்டுகோள். அறுகம்பே பாலத்தின் தூணொன்றில், பாதசாரி நின்று வாசிக்கும்படி ஓர் அளவுகோலைப் பதியுங்கள். மாரி தொடங்கியதும் காலையும் மாலையும் அந்த மட்டத்தை எழுதி, தமிழிலும் சிங்களத்திலும் ஊருக்குச் சொல்லுங்கள். பள்ளிவாசல் ஒலிபெருக்கி இதற்குப் போதும். எந்த மட்டத்தில் முகத்துவாரம் வெட்டுவது, யார் உத்தரவிடுவது என்பதைக் கமக்காரரையும் மீனவரையும் ஒரே பாயில் அமர்த்தி, ஒக்டோபர் பிறக்குமுன் முடிவு செய்து எழுத்தில் வையுங்கள். உல்லையில் கட்டட அனுமதி கேட்டு வருபவரிடம், அந்தக் காணியில் கடந்த மார்கழியில் நீர் எந்த உயரத்தில் நின்றது என்று முதலில் கேளுங்கள்.